செங்கோட்டையன் நிஜமாகவே தோற்ற கதை

தோற்றுப்போன மனிதரைப் பார்த்து ஊர் சிரிப்பதுதான் வழக்கம். செங்கோட்டையனை ஊர் பாராட்டியது. அந்தப் பாராட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மதுக்கரைக்கு மேற்கே, புதிதாக எழும்பிய சிமெண்டு ஆலையின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் அவருக்குத் தோட்டம் இருந்தது. பருத்தியும் சோளமும் போடுவார். அவர் காட்டில் ஒரு களைச்செடியைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வரப்பெல்லாம் சீவி, மண்ணெல்லாம் அரித்து வைத்த மாதிரி இருக்கும். மற்றபடி சாதாரண மனிதர். பொய் சொல்ல வராது. மனதில் ஒன்று தோன்றினால் அது முகத்தில் வந்து நின்றுவிடும். இப்படிப்பட்ட ஆள் மீதுதான், நினைத்துப் பாருங்கள், நடிக்கிறார் என்ற பழி விழுந்தது.

எல்லாம் ஒரு மரப்பெட்டியால் வந்த வினை. கோயமுத்தூரில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தன் தேசத்துக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். உளியும் இழைப்புளியும் இருக்கும் என்று நம்பி ஒரு கனமான பெட்டியை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார் செங்கோட்டையன். திறந்தால் உள்ளே முழுக்க ஈயச் சிப்பாய்கள். விரற்கடை உயரத்தில் காலாட்கள், குதிரைக்காரர்கள், முரசு அடிப்பவன் ஒருவன், பிறகு ஸ்பிரிங் வைத்த குட்டிப் பீரங்கிகள். பீரங்கிக்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி விசையைத் தட்டினால், குச்சி பறந்துபோய் எதிரே நிற்கிற பொம்மையைச் சாய்க்கும்.

"இத வெச்சு உழவா ஓட்டறது?" என்றாள் மனைவி கருப்பாத்தாள்.

உழவு ஓட்டவில்லை. யுத்தம் நடத்தினார்கள். அப்போது கல்யாணமாகாமல் வீட்டிலிருந்த மகள் ராசாத்தாளும் அப்பாவும் உட்கார்ந்து விதிகளை உண்டாக்கினார்கள். பருத்திக் கிடங்கில் இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு மேசையாக்கி, அதன் மேல் மண் பரப்பி, நடுவில் ஒரு கொட்டாங்குச்சியைப் புதைத்துக் கிணறு என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் முறையில் தன் ஆட்களையெல்லாம் நகர்த்தலாம், பிறகு ஒவ்வொரு பீரங்கியாலும் ஒரு தடவை சுடலாம். காலாள் ஒரு சாண் போவான், குதிரை இரண்டு சாண். ஓர் ஆள் நகர்ந்துபோய்ப் பீரங்கியைத் தொட்டுவிட்டால் பீரங்கி அவனுடையது. கருப்பாத்தாள் சாப்பிடக் கூப்பிடும்போது கிணற்றடியில் யாருடைய ஆள் நிற்கிறானோ அவருக்கு வெற்றி. இதில் கருப்பாத்தாளுக்குச் சம்பந்தமே கிடையாது. சோறு வெந்தால் கூப்பிடுவாள்.

ராசாத்தாளை ஆனைமலையில் கட்டிக் கொடுத்த பிறகு பெட்டி மூடிக் கிடந்தது. செங்கோட்டையனுக்குக் கிடங்குப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. கட்டிக் கொடுத்த பெண் நோம்பிக்கு நோம்பிதான், பண்டிகை நாளில்தான், பிறந்த வீட்டுக்கு வருவாள், அதுதானே நடைமுறை. அப்புறம் ஒரு நாள் சம்பந்தி காளிச்சாமி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, விருந்துக்கு வந்த இடத்தில் கிடங்குக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உள்ளே போனார். உள்ளே போனவர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

அதிலிருந்து அமாவாசை தவறாமல் வந்தார். அமாவாசையன்று மாட்டைப் பூட்ட மாட்டார்கள், ஆகையால் இருவருக்கும் ஓய்வு. ஆனைமலையிலிருந்து பிளசர் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். பின் சீட்டில் ராசாத்தாள் இருப்பாள். "மருமகளைக் கூட்டியாந்தேனுங்க" என்று காளிச்சாமி சொல்வார், என்னவோ அதற்காகவே வந்த மாதிரி. மாசம் ஒரு தடவை மகளைப் பார்க்கிற பாக்கியம் அந்த வட்டாரத்தில் வேறு எந்தத் தகப்பனுக்கும் இல்லை. அந்த ஈயச் சிப்பாய்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்றிருந்தது செங்கோட்டையனுக்கு.

ஆட்டத்தில் மட்டும் ஒரே அடி. காளிச்சாமிக்கு எதிலும் வேகம் வேண்டும். காலாட்களைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். மதராஸிலிருந்து தகர மோட்டார் லாரிகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பீரங்கியைக் கட்டிவிட்டார். லாரிக்கு நாலு சாண் என்று பேசி முடிவானது. யாருடைய சாண் என்று தகராறு வந்தது, ஏனென்றால் காளிச்சாமியின் கை முறம் மாதிரி. கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கை என்று ராசாத்தாளின் சாணுக்கு ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

பாய்ந்து வருவது, சுடுவது, அடுத்த முறையில் எட்டாத தூரத்துக்கு ஓடிவிடுவது. இதுதான் காளிச்சாமியின் போர் முறை. செங்கோட்டையன் குதிரைகளை நேரே பாயவிட்டுப் பார்த்தார். பாதி வழியிலேயே குதிரைகள் கால் பரப்பிக் கிடந்தன. ஆட்களை நெருக்கமாக நிறுத்திப் பார்த்தார். ஒரு குச்சி பட்டு ஒருவன் விழ, அவன் பக்கத்து ஆளைத் தள்ள, ஒரு வரிசையே சாய்ந்தது. பீரங்கிக்குப் பீரங்கி நிறுத்திப் பார்த்தார். அதுவும் ஆகவில்லை, காரணம் முதல் முறை எப்போதும் காளிச்சாமிக்குத்தான். வீட்டுக்காரர் மேசையில் நிலம் போடுவார், ஒறம்பரை, அதாவது வந்த விருந்தாளி, முதலில் ஆடுவார், இது அவர்களுக்குள் ஏற்பட்ட மரியாதை. வந்த ஒறம்பரையை உட்கார வைத்துவிட்டு நாம் முதலில் சாப்பிட உட்காருவோமா? அப்படித்தான் இதுவும். அந்த மரியாதை முடிவதற்குள் செங்கோட்டையனின் பீரங்கிகள் பாதி போயிருக்கும்.

ஆடி அமாவாசையன்று ஆட்டம் படுமோசம். கருப்பாத்தாள் அடுப்பை மூட்டுவதற்கு முன்னாலேயே செங்கோட்டையனிடம் முரசுக்காரன் ஒருவன்தான் மிச்சம். காளிச்சாமி கையிலிருந்த லாரியைக் கீழே வைத்தார்.

"போதுமுங்க சம்பந்தி."

"என்னுங்க, என்னாச்சுங்க?"

"நானும் பாத்துட்டே இருக்கறேன். பொண்ணு ஊட்டுக்காரங்கன்னு நீங்க உட்டுக் குடுத்துட்டே இருக்கறீங்க. ஒரு தடவ செரி, ரெண்டு தடவ செரி. எப்பவுமேவா? சின்னப் புள்ளைக்கு முட்டாயி குடுக்கறாப்பல எனக்கு வெற்றி குடுக்கறீங்க."

"ஐயோ, இல்லீங்க! நான் நெசமாவே தோத்துப்போட்டேனுங்க!"

"பாத்தீங்களா, அதக்கூட எத்தன பதனமாச் சொல்றீங்க!" காளிச்சாமி உண்மையிலேயே நொந்துபோயிருந்தார். "அடுத்த அமாவாசைக்கு ஒருக்கா வாரேன். அன்னைக்காவது மனசார வெளையாடுங்க. அன்னைக்கும் உட்டுக் குடுத்தீங்கன்னா, லாரியெல்லாம் பரண்ல போட்டர்றேன். அப்பறம் நோம்பிக்கு நோம்பி பாத்துக்கலாமுங்க."

கதவோரம் நின்ற ராசாத்தாள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் புரிந்தது. அமாவாசைப் பயணம் நின்றுபோகும்.

செங்கோட்டையனின் சங்கடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். இனி அவர் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றாலும் அது மரியாதைக்குத் தோற்றதாகவே ஆகும். மகளைப் பார்க்க வேண்டுமானால் ஜெயித்தே தீர வேண்டும். ஜெயிக்கிற வழியோ தெரியாது.

"நீங்க பண்றது செரிதானுங்க" என்றாள் கருப்பாத்தாள், அன்று மாலை. "மாப்பள ஊட்டுக்காரங்க மொகம் வாட உடலாமா?"

"ஏ புள்ள, நான் உட்டுக் குடுக்கலே! எனக்கு ஆட்டம் தெரியலே!"

"எங்கிட்டயுமா மறைக்கறீங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

செய்தி எப்படியோ சந்தைக்குப் போய்விட்டது. "சம்பந்தின்னா செங்கோட்டையனாட்ட அமையோணும்" என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். "நெசமாத் தோத்தேனுங்க" என்று இவர் கத்தக் கத்த, அடக்கமும் சேர்ந்துகொண்டதாக இன்னும் புகழ்ந்தார்கள். ஒரு மனிதன் தன் தோல்வியை நிரூபிக்க இத்தனை பாடுபட வேண்டியிருக்கும் என்று யார் கண்டது!

அந்த மாதம் முழுக்க அவர் கிடங்கிலேயே குடியிருந்தார். இரண்டு பக்கமும் தானே ஆடிப் பார்த்தார். லாரிப் பக்கம் ஆடினால் ஜெயித்தார், தன் பக்கம் ஆடினால் தோற்றார். ஏர் ஓட்டும்போது மாட்டிடம் யோசனை கேட்டார். கருப்பாத்தாள் விபூதி கொண்டுவந்து நெற்றியில் பூசிவிட்டாள்.

ஆவணி அமாவாசை வந்தது. யோசனை வரவில்லை. காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தவருக்குத் தூரத்தில் கார் ஹாரன் கேட்டது. வழக்கமாக ஒரு தடவை அடிக்கும், அடுத்த நிமிஷம் கார் வாசலில் நிற்கும். இன்று விடாமல் அடித்தது. கிட்டத்தில் வரவும் இல்லை. செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

தோட்டத்துக்கு வருகிற வழி இட்டேரி. இரண்டு பக்கமும் ஆளுயரக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை. அந்தப் பாதையில் பிளசர் கார் நின்றுகொண்டிருந்தது. முன்னால் செம்மறி ஆட்டுக்கூட்டம். பின்னால் குட்டைக்குப் போகிற எருமைகள். திருப்ப இடமில்லை, பின்னால் எடுக்க வழியில்லை. காளிச்சாமி ஹாரனை அமுக்கினார். ஆடுகள் அந்தச் சத்தம் பிடித்துப்போய் இன்னும் கிட்டத்தில் வந்து வேடிக்கை பார்த்தன. ஒரு குட்டி காரின் முன் மட்கார்டில் தலையைச் சாய்த்துக்கொண்டது. ஆனைமலையிலிருந்து காற்றாகப் பறந்து வந்த வண்டி, ஓர் ஆட்டுக்குட்டிக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் உறுமிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

செங்கோட்டையன் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"என்னுங்க சம்பந்தி, நான் மாட்டிட்டு முழிக்கறேன், நீங்க சிரிக்கறீங்க?"

"சும்மாங்க" என்றார் செங்கோட்டையன். சொல்லிவிட்டு வேலியில் கை வைத்துக் கிளுவைக் குச்சிகளை ஒடித்து மடியில் கட்ட ஆரம்பித்தார். சம்பந்திக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தார் காளிச்சாமி.

காளிச்சாமி கால் கழுவி, மோர் குடித்து, பலகாரம் சாப்பிடுவதற்குள் செங்கோட்டையன் கிடங்கில் நிலம் போட்டார். இத்தனை நாளும் செய்த தப்பு இப்போதுதான் உறைத்தது. மேசையையும் தன் காடு மாதிரியே வைத்திருந்திருக்கிறார்! ஒரு புல் இல்லை, ஒரு மேடு இல்லை, துடைத்து வைத்த நிலம். பீரங்கிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த மூலையில் நின்று அந்த மூலை வரைக்கும் சுடலாம். சுத்தமான குடியானவன் என்று பேர் வாங்கின கை, தன் ஆட்களைத் தானே அம்மணமாக நிறுத்தியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும், அந்தச் சுத்தமான மண்ணில் வேலிக் குச்சியை நடும்போது அவருக்குக் கை கூசியது.

ஈரக் களிமண்ணில் கிளுவையை வரிசையாக ஊன்றி, வளைந்து வளைந்து கிணற்றுக்குப் போகிற இட்டேரி ஒன்று போட்டார். அங்கங்கே ஒரு ஆள் மட்டும் நுழைகிற கடவு விட்டார். தன் சிப்பாய்களை ஒருவனையொருவன் தொடாதபடி தள்ளித் தள்ளி, வேலிக்குப் பின்னால் நிறுத்தினார். முரசுக்காரனை மட்டும் கிணற்றடியில் எல்லாரும் பார்க்க நிறுத்திவைத்தார்.

"என்னுங்க இது, காடு பொதரடிச்சுக் கெடக்குது?" என்றார் காளிச்சாமி உள்ளே வந்து.

"நம்மூட்டுக்கு வர்ற வழிதானுங்க. ஒறம்பரை முதல்ல போங்க."

காளிச்சாமி குனிந்தார், நிமிர்ந்தார், மேசையைச் சுற்றி வந்தார். எந்தப் பீரங்கியின் வாய்க்கு நேராகவும் ஆள் தெரியவில்லை, அந்த முரசுக்காரனைத் தவிர. சுடாமல் விட்டால் கை அரிக்குமே. அத்தனை பீரங்கியும் அந்த ஒருவனைச் சுட்டன. முரசுக்காரன் கடைசிக் குச்சியில் விழுந்தான். முதல் முறை தீர்ந்தது, போனது ஒரே ஆள்!

செங்கோட்டையன் தன் முறையில் காலாட்களை வேலி மறைவிலேயே ஒரு சாண் நகர்த்தினார். வேறொன்றும் செய்யவில்லை.

"இப்ப நீங்க போங்க" என்றார்.

காளிச்சாமிக்கு என்னவோ சந்தேகம் தட்டியது. "இல்லீங்க, நீங்களே இன்னொருக்கா போங்க."

"அது மரியாதையாகுமுங்களா? நீங்க போங்க."

"பரவால்லீங்க, நீங்க போங்க."

"அட, நீங்க போங்க!"

இரண்டு பெரிய மனிதர்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் யுத்தத்துக்கு வழியனுப்பினார்கள். கதவோரத்தில் ராசாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் கிணறு வேண்டுமானால் யாராவது போய்த்தானே ஆக வேண்டும்? வேகக்காரருக்குப் பொறுமை ஏது? காளிச்சாமியின் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக இட்டேரிக்குள் பாய்ந்தன.

பாய்ந்த பிறகுதான் தெரிந்தது. முன்னால் போகிற லாரிக்கு மட்டும்தான் எதிரே பார்க்க முடிந்தது. பின்னால் வந்தவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் முன்வண்டியின் முதுகு. இத்தனை பீரங்கி இருந்தும் சுடக்கூடியது ஒன்றுதான். அது ஒருவனைச் சாய்த்தால், அடுத்த கடவிலிருந்து இன்னொருவன் இறங்கி அதே இடத்தில் நின்றான். அந்த நேரத்தில் வால்பக்கத்தில் ஒரு காலாள் வேலி நுழைந்து கடைசி லாரியைத் தொட்டான். அது செங்கோட்டையனுடையதாகி, பாதையை அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றது.

"எருமை!" என்று கத்தினார் காளிச்சாமி. "இது அந்த எருமைங்க!"

"ஆமாங்க" என்றார் செங்கோட்டையன். அவருக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஒவ்வொரு லாரியாக நடுவில் மாட்டிக் கைமாறியது. ஆனாலும் காளிச்சாமி லேசுப்பட்டவரா? முதல் லாரி வழியிலிருந்தவர்களையெல்லாம் சாய்த்துவிட்டு ஒரே பாய்ச்சலில் கிணற்றடிக்குப் போய் நின்றது. சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து கிடங்குக்குள் எட்டிப் பார்த்த கருப்பாத்தாள் அதைப் பார்த்தாள். சோறு வெந்திருந்தது. சம்பந்தி கிணற்றடியில் இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரின் மானத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல நேரம் வராது என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சை இழுத்து, "சாப்..." என்று ஆரம்பித்தாள்.

ராசாத்தாள் பாய்ந்துபோய் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

செங்கோட்டையனின் முறை. கிணற்றுக்குப் பக்கத்துக் கடவில் ஒரே ஒரு காலாள் மறைந்திருந்தான். குச்சியை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். சரியாக ஒரு சாண். சம்பந்தியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் காலாளை நகர்த்தி லாரியைத் தொட்டார். லாரியும் கிணற்றடியும் அவர் கைக்கு வந்தன.

"இப்பக் கூப்புடும்மா" என்று ராசாத்தாள் கையை எடுத்தாள்.

"சாப்பிட வாங்க" என்றாள் கருப்பாத்தாள், சாவு வீட்டில் கூப்பிடுகிற குரலில். பிறகு தாங்காமல், "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, அவரு ஏதோ தெரியாமத் தொட்டுப்போட்டாரு" என்றாள்.

காளிச்சாமி இட்டேரியில் மாட்டிக் கிடந்த லாரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"சம்பந்தி, சாமி மேல சத்தியமாச் சொல்லுங்க. இன்னைக்கு மனசாரத்தான் வெளையாடுனீங்களா?"

"மனசாரத்தானுங்க."

"போன அமாவாசைக்கு?"

"அன்னைக்கும் மனசாரத்தானுங்க. எல்லா நாளும் அப்படித்தானுங்க. இந்த வேலி ரோசனை இன்னைக்குத்தானுங்க வந்துச்சு. தெரிஞ்சிருந்தா அப்பவே உங்கள உருட்டியிருப்பனே!"

பொய் வராத அந்த முகத்தைக் காளிச்சாமி உற்றுப் பார்த்தார்.

"அப்ப, உங்க குதிரையெல்லாம் ஓட ஓட அடிச்சனே, அது?"

"நீங்க அடிச்சதுதானுங்க."

"ஒரே குச்சியில ஒரு வரிசையே சாச்சனே?"

"சாச்சீங்க. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வல்லீங்க."

காளிச்சாமியின் மீசை துடித்தது. சட்டென்று தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு எழுந்தார். "கண்ணு ராசாத்தா, கேட்டயா? நான் அத்தனையும் நெசமாவே செயிச்சிருக்கறேன்! ஒண்ணுகூட ஓசி இல்ல!" தோற்ற மனிதர் கிடங்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். கருப்பாத்தாளிடம் சொன்னார், பருத்தி மூட்டையிடம் சொன்னார். "இத ஊரு முச்சூடும் சொல்லப்போறேனுங்க சம்பந்தி!"

"சொல்லுங்க! நல்லாச் சத்தமாச் சொல்லுங்க!" செங்கோட்டையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் நெசமாத் தோத்தேன்னு மதுக்கரைச் சந்தையிலயே வந்து சொல்லுங்க!"

சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்புட்டு விழுந்தது. காளிச்சாமிக்குச் சாப்பாட்டில் புத்தி இல்லை. விரலால் இலையில் ஒரு வளைந்த பாதையை வரைந்து, அழித்து, மறுபடியும் வரைந்தார். நெய் ஊற்ற வந்த மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மணி, நீ அடுத்த அமாவாசை வரைக்கும் இங்கயே இரு. உங்கப்பன் வேலி எப்புடிக் கட்டறாரு, ஆள எங்க நிறுத்தறாருன்னு ஒண்ணு உடாமப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லோணும். பையங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ராசாத்தாள் நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். கருப்பாத்தாள் சம்பந்தியின் இலையில் கேட்காமலே இன்னொரு ஒப்புட்டை வைத்தாள்.

செங்கோட்டையன் மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது ஒரு மாசத்துல வராதுங்க சம்பந்தி. ரெண்டு மாசமாவது புடிக்குமுங்க."